தலை தட்டிய அளவு

யோங் பெங் கடைத்தெருவில் இரண்டு யூசுபுகள். ஒருவர் துணிக்கடை யூசுபு. சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவரை ஊர் ‘முஅல்லப் யூசுபு’ என்றது. பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய செல்லப்பன்தான் அவர். மார்க்கத்துக்கு வந்து பேரப்பிள்ளை காணும் வயதாகியும் அந்த ஒட்டு உதிரவில்லை.

வந்த புதிதில் அந்தச் சொல் அவருக்கு இனித்தது. “அரபுச் சொல்லு தம்பி. உள்ளம் இணக்கப்பட்டவங்கன்னு அர்த்தம். புதுசா வந்தவங்க மனசு ஒத்தையா நிக்கக் கூடாதுன்னு வேதமே சகாத்து தர்மத்துல அவங்களுக்கு ஒரு பங்கு வச்சிருக்கு” என்று பள்ளிவாசல் லெபை விளக்கியபோது தேம்பி அழுதார். பிறகு அந்தச் சொல் ஊர் வாயில் விழுந்தது. ஊர் வாய்க்கு அர்த்தம் எதற்கு? ‘நேற்று வந்தவன்’ என்று ஆக்கிவிட்டது.

இப்போது அவர் மகளை ஜவுளி வியாபாரி நைனா முகம்மது தம் மகனுக்குக் கேட்டிருந்தார். நைனாவின் உறவுக்காரர்கள்தான் தயங்கி இழுத்தார்கள்: தோட்டத்துச் சொந்தமெல்லாம் நாளைக்கு வாசலில் வந்து நிற்குமே! “அப்படி யாருமில்லை” என்று யூசுபு சத்தியம் செய்யாத குறை.

நோன்பு முடியும் நாள். பள்ளிவாசல் முற்றத்தில் யூசுபு ஏழைகளுக்கான பித்ரா அரிசியைப் படியால் அளந்துகொண்டிருந்தார், பக்கத்தில் நைனா. வரிசையில் முக்காடு நழுவ நழுவ ஒருத்தி வந்தாள். மைமூன் என்று புதுப்பெயர். தோட்டத்து லயக் குடியிருப்பில் அடுத்த வீட்டுச் சந்திரமதி. அவர் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்து, அவருடைய மரங்களையும் சேர்த்து வெட்டியவள்.

“அண்ணே, நீங்களா! என்னை முஅல்லப்புங்கிறாங்க. வசவாண்ணே?”

“எனக்கென்னம்மா தெரியும்? லெபையக் கேளு.” சொல்லும்போதே நாக்குக் கூசியது.

“ஏம்மா, தம்பிய முன்னயே தெரியுமா?” என்றார் நைனா.

அவள் யூசுபின் முகத்தைப் பார்த்தாள். பார்த்தது போதும் அவளுக்கு.

“இல்லீங்க. எங்க தோட்டத்து அண்ணன் ஒருத்தரு மாதிரி தெரிஞ்சுச்சு. இவரு இல்ல.”

நைனாவின் முகம் தெளிந்தது. “பெருநாள் கழிச்சு வீட்டுக்கு வாறோம் தம்பி” என்று யூசுபின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். கேட்கத் தவம் கிடந்த பேச்சு. யூசுபுக்கோ அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. தலை நிமிராமல், படி வழிந்து கொட்டக் கொட்டக் குவித்து அவளுக்கு அளந்தார்.

மைமூன் முந்தானையை இழுத்துப் பிடித்தபடி குரலைத் தாழ்த்தினாள்.

“தலை தட்டி அளங்க முதலாளி. பாக்குறவங்க ஏதாச்சும் நெனைப்பாங்க.”