வெறும் தண்ணீர்

குழாய் வாயில் கட்டியிருக்கும் வெள்ளைத் துணியை அவிழ்த்து, மூக்கருகே கொண்டுபோய், முகத்தைச் சுளித்து, "சனியன், இன்னிக்கும் அதே வாடை" என்று குழாயைத் திட்டிய பிறகுதான் உஷாராணி பல் துலக்குவாள். வெள்ளைத் துணி என்பது ஒரு மரியாதைக்கு. கட்டிய இரண்டாம் நாளே அது செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்.

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் செம்பனைத் தோட்டம் அது. பெரிய சாலை வரைக்கும் அரசாங்கக் குழாய் வந்துவிட்டது. தோட்டம் தனியார் நிலமாம், அதனால் வாசலோடு நின்றுவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குக் குளத்துத் தண்ணீர்தான், இரும்பும் சேறும் கலந்த வாடையோடு. மழைத் தண்ணீர் பிடிக்கலாம் என்றால் கூரைத் தகரமும் துரு. இதிலேயே காலம் தள்ளியவளுக்கு எங்கே போனாலும் தண்ணீரை முகர்ந்து பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டிலும் தம்ளரை முகர்வாள். "மாப்ள வீட்டுக்காரங்க பாக்குறாங்க லா" என்று பக்கத்தில் இருப்பவர்கள் முழங்கையால் இடித்தாலும் நிறுத்தமாட்டாள்.

காலையில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. குனிந்த முதுகு நிமிராமலே யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். வேலை வாங்கும் மண்டோரை, கொசுவை, எல்லாரையும்விட அதிகமாகப் புருஷனை.

புருஷன் திருச்செல்வத்துக்கு இனிப்பு நீர். சர்க்கரை வியாதிக்கு இங்கே அதுதான் பெயர். இடது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன. சீனியைக் குறைக்காவிட்டால் அடுத்தது கால்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அந்த மனிதருக்கு இந்தத் தண்ணீர் ஒரு மடக்கு இறங்குவதற்குள் குமட்டும். காய்ச்சினாலும் வாடை போவதில்லை. சர்பத் போன்ற சிராப் கலந்தால் தெரியாது, தேத்தண்ணியில் சீனியை அள்ளிப் போட்டால் தெரியாது. ஆகவே உஷாராணியே தன் கையால் சீனி போட்டுக் கலக்கிக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, "குடிங்க, நல்லா குடிங்க. காலக் கழட்டிக் கையில குடுப்பாங்க" என்று எரிந்து விழுவாள். அவள் திட்டுவது தன்னை அல்ல என்று அவருக்குத் தெரியும்.

சென்ற வாரம் கோலா சிலாங்கூரிலிருந்து சுகாதார விழிப்புணர்வுக் குழு வந்தது. மண்டபத்தின் முன்னால் அகலமாக ஒரு பதாகையைக் கட்டினார்கள். 'இனிப்பு நீர் குடிக்காதீர், வெறும் நீர் குடிப்பீர்.' இனிப்புப் பானத்தைச் சொல்ல வந்தவர்கள் வியாதியின் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். அச்சடிப்பதற்கு முன் இந்தப் பக்கத்து மனுஷர் ஒருவரிடம்கூடக் கேட்கத் தோன்றவில்லை. "வியாதியக் குடிக்கக் கூடாதாம்லா" என்று மண்டோர் சுகுமாறன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். லயமே சிரித்தது. உஷாராணி சிரிக்கவில்லை.

குழுவில் வந்த அலீசியா நல்ல பெண்தான். வீட்டு வாசலுக்கே வந்து திருச்செல்வத்தின் காலைப் பார்த்து மனம் வருந்தினாள்.

"ஆன்ட்டி, அங்கிளுக்கு இனிமே வெறும் தண்ணிதான் குடுக்கணும், ஓகே?"

"எந்தத் தண்ணிமா?"

அலீசியா குழாயைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். "அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல ஆன்ட்டி. நாங்க அவேர்னஸ் மட்டும்தான்" என்றாள், தன் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்தபடி.

சீனி கெடுதல் என்று இந்த லயத்தில் யாருக்குத் தெரியாது? தெரிந்துதான் குடிக்கிறார்கள். கால் போகப் போகிறவரிடம் வந்து காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்ல ஒரு வேன், ஒரு குழு, ஆளுக்கொரு டி-சட்டை. அந்தக் குழாயை வாசல் தாண்டி உள்ளே இழுத்துவர மட்டும் ஒரு நாதி இல்லை.

வேன் போனதும் வானம் கறுத்தது. உஷாராணி அரிவாளோடு வந்து பதாகையை அறுத்து இறக்கினாள்.

"அரசாங்கச் சாமான்லா, கேஸ் ஆயிரும்" என்றார் சுகுமாறன்.

"வெறும் தண்ணி குடிக்கச் சொன்னாங்கல்ல? அதான் புடிக்கப் போறேன்."

வாசலில் அதை இழுத்துக் கட்டி, ஒரு மூலையை மட்டும் தாழ்த்தி, கீழே வாளியை வைத்தாள். மழை கொட்டியது. எழுத்துகளைக் கழுவிக்கொண்டு வந்த முதல் வாளியைச் சாக்கடையில் ஊற்றினாள். அடுத்த வாளியைக் காய்ச்சி, ஆற்றி, தம்ளரில் எடுத்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். ஒன்றும் திட்டாமல் திருச்செல்வத்திடம் நீட்டினாள்.

பழக்க தோஷத்தில் அவர் கை சீனி டின்னுக்குப் போனது. அதற்குள் உஷாராணியின் இன்னொரு கை டின் மூடிமேல் அழுந்தியிருந்தது.