சகலனின் கியர்பொக்ஸ்

எங்கள் குடும்பத்தில் விமானம் என்றால் நான்தான். மொன்றியலில், சென்ட் லோரன்டில் விமான எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். சுழலும் தண்டுகளைத் தாங்கி ஓடித் தேய்ந்து வரும் பேரிங்குகளைக் கழுவி, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, இது இன்னும் ஓடும், இது குப்பைக்கு என்று முத்திரை குத்துவது என் பொறுப்பு. கலியாண வீட்டில் தலைக்கு மேல் விமானம் ஒன்று போனால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நானும் அது என்ன ரகம், என்ன எஞ்சின் என்று தெரிந்ததோடு தெரியாததையும் சேர்த்துச் சொல்வேன். அந்த மரியாதைக்குத்தான் என் சகலன் உலை வைத்தார்.

சகலன் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். லொங்குய்யில் பாடசாலை பஸ் ஓட்டுகிறார். வீட்டுக் கராஜில் ஒரு விமானம் கட்டப்போகிறேன் என்று அவர் சொன்ன அன்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். ஆறு வருடம் கழித்து அது இரண்டு இருக்கையும் சிறகுமாக, ஆற்றின் தென்கரையில் ஒரு சின்ன விமானத் திடலில், வாடகைக் கொட்டகையில் நின்றது. அன்று என் மனைவி தொலைபேசியில் யாரிடமோ சொல்லிச் சிரித்தது குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது.

"அத்தான் பஸ் ஓடுறவர். இவர் பத்தொன்பது வருசமா பிளேன் கொம்பனி."

எனக்கு வயிறு எரிந்தது.

அவர் அதில் பூட்டியிருந்தது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ரொட்டரி எஞ்சின். பிஸ்டன் மேலும் கீழும் ஓடாமல், உள்ளே ஒரு முக்கோணக் கட்டை சுழலும் வகை. பாரம் குறைவு, பலம் அதிகம். ஆனால் அது சுற்றும் வேகத்தில் புரொப்பெல்லரைச் சுற்ற முடியாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் வேகத்தைக் குறைக்க ஒரு கியர்பொக்ஸ் வேண்டும். அதையும் அவரே பொருத்தியிருந்தார்.

பறப்பதற்கு அனுமதி வர முதலே விமானம் பார்க்கச் சனம் வரத் தொடங்கிவிட்டது. டொரொண்டோவிலிருந்து, பாரிஸிலிருந்து, லண்டனிலிருந்து யார் மொன்றியலுக்கு வந்தாலும் முதலில் மலைமேல் தேவாலயம், பிறகு பழைய துறைமுகம், பிறகு சகலனின் விமானம். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வராது. வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பதுபோல, கொட்டகைக்கு வந்தவர்களுக்கு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார். பெண்களின் சேலை பறக்கக் கூடாது, குழந்தைகள் பயப்படக் கூடாது என்று ஆகக் குறைந்த வேகத்திலேயே பத்து நிமிடம் ஓட விடுவார். தகர டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல கியர்பொக்ஸ் கடகடக்கும். சனம் வீடியோ எடுக்கும். நான் ஒரு ஓரமாக நின்று, யாராவது என்னிடமும் ஏதாவது கேட்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலன் லாசாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு மார்ஜரின் டப்பாவோடு வந்தார். கியர்பொக்ஸ் எண்ணெயில் வெள்ளித் தூள் கலந்து வருகிறது என்று கழற்றிப் பார்த்திருக்கிறார். டப்பாவுக்குள், துணியில் சுற்றியபடி, எஞ்சின் பக்கத்துச் சின்னக் கியரைத் தாங்கும் பேரிங் இருந்தது.

"இது ரெண்டாவது பேரிங். முதலாவதும் இப்பிடித்தான் போனது. ஒயிலையும் மாத்திப் பாத்திட்டன். நீர்தான் சொல்லவேணும்," என்றார்.

ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது. எஞ்சின் புரொப்பெல்லரைச் சீராக இழுத்தால் கியர் ஒரு பக்கமாகவே அழுத்தும். பேரிங்கின் வெளி வளையமும் அந்த ஒரு பக்கத்தில்தான் தேயும். இதில் எதிரெதிராக இரண்டு பக்கமும் தேய்ந்து, மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்திருந்தது. எஞ்சின் புரொப்பெல்லரைத் தள்ளுகிறது. அடுத்த கணம் புரொப்பெல்லர் எஞ்சினைத் தள்ளுகிறது. இடையில் கியர்ப்பல் இரண்டு பக்கமும் மாறி மாறி அடிக்கிறது. அது குறைந்த வேகத்தில் மட்டும் நடப்பது. வேகமாக ஓடித் தேய்ந்த பேரிங் அல்ல அது. விருந்தாளிகளுக்குக் காட்டிக் காட்டியே தேய்ந்தது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து மனைவி வடைத் தட்டோடு வந்து, முதல் வடையை அத்தானுக்குக் கொடுத்து, "எப்ப அத்தான் எங்களை ஏத்திக்கொண்டு பறக்கப் போறியள்?" என்று கேட்டாள்.

"பேரிங்கே மட்டமான சாமானா இருக்கும் அண்ணை. வேற கொம்பனியிலை எடுத்துப் பாருங்கோ," என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "ஓம், பாப்பம்," என்று டப்பாவை மூடினார்.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அடுத்துப் பூட்டும் பேரிங்கும் இப்படியே தேய்ந்து ஆகாயத்தில் இறுகினால் புரொப்பெல்லர் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். வயல்வெளிதானே, எங்காவது இறக்கிவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே கிழமை, இரண்டு நாள் கழித்துத் தொழிற்சாலையில், தலைமயிரைவிட மெல்லிய கீறல் ஒன்றுக்காக நல்ல விலையுள்ள பேரிங் ஒன்றைக் குப்பைக்குத் தள்ளி முத்திரை குத்தினேன். முகம் தெரியாத பயணிகளுக்கு அவ்வளவு நேர்மையானவன் நான்.

பறக்கும் அனுமதி வந்தது. சகலன் பறக்கவில்லை. ஒரு கிழமை காற்று சரியில்லை என்றார். அடுத்த முறை முழங்கால் நோகிறது என்றார். மூன்றாம் முறை ஏதோ கடதாசி வரவேண்டும் என்றார். எனக்கு உள்ளுக்குள் மனம் குளிர்ந்தது. ஒரு பிறந்தநாள் விழாவில் பத்துப் பேர் நடுவில், "அவருக்குப் பயம் பிடிச்சிட்டுது. கட்டுறது வேற, பறக்கிறது வேற," என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். தூரத்தில் நின்ற சகலனும் சிரித்தார்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை மனைவி சொன்னாள்: "அக்கா போன் எடுத்தவ. பனி விழமுதல் இதுதான் கடைசி நல்ல நாளாம். அத்தான் விடியவே பிளேனடிக்கு வெளிக்கிட்டுப் போட்டாராம்."

கையிலிருந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுக் காரை எடுத்தேன். பாலத்தில் ஒரு பாதையை அடைத்துச் செம்மஞ்சள் கூம்புகள் வைத்திருந்தார்கள். ஊர்ந்து போன அந்த அரை மணி நேரமும் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் எடுக்கவில்லை. அக்காவுக்கு என்ன சொல்வேன் என்று நினைத்தபடியே மறுபடியும் அவர் நம்பரை அழுத்தினேன்.

விமானம் கொட்டகைக்குள்தான் நின்றது. சகலன் மடக்குக் கதிரையில் குந்தியிருந்து, எஞ்சின் எண்ணெயை ஒரு வாளிக்குள் வடியவிட்டுக்கொண்டிருந்தார்.

"பறக்கேல்லையோ?" என்றேன்.

"இல்லை. குளிர்காலத்துக்கு மூடிவைக்கப் போறன்."

நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். எதிரெதிர்ப் பக்கத் தேய்வைச் சொன்னேன். கடகடச் சத்தத்தைச் சொன்னேன். எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் அடி வாங்க ஒரு ரப்பர் இணைப்பு வேண்டும், கடகடப்பு நிற்கும் வேகத்துக்குக் கீழே எஞ்சினை ஓடவே விடக் கூடாது என்றேன்.

"அப்ப வாற சனத்துக்கு என்னத்தைக் காட்டுறது?" என்றார் முதலில்.

பிறகு கையைத் துடைத்தபடி, "உமக்கு அண்டைக்கே தெரியும், என்ன?" என்றார்.

நான் வாளிக்குள் விழும் எண்ணெயைப் பார்த்தேன்.

"ஒரு சாமான் விளங்காட்டி நீர் நூறு கேள்வி கேப்பீர். எத்தினை மணித்தியாலம் ஓடினது, என்ன ஒயில், ஆர் பூட்டினது எண்டு சீவனை எடுப்பீர். அண்டைக்கு ஒரு கேள்வியும் கேக்கேல்லை."

"தெரிஞ்சுகொண்டு ஏன் அண்ணை என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டா நீர் இன்னொரு பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும். நீராச் சொல்லுமட்டும் பறக்கிறேல்லை எண்டு இருந்தனான்."

காற்றும் முழங்காலும் கடதாசியும் அப்போதுதான் எனக்கு விளங்கின. பத்துப் பேர் நடுவில் நான் அவரைப் பயந்தவன் என்று சொன்னபோது அவர் எல்லாம் தெரிந்துகொண்டே சிரித்தார் என்பதும் விளங்கியது. வாளி நிறைந்துவிட்டது, நான்தான் அதைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பழைய எண்ணெய்ப் பீப்பாவில் ஊற்றினேன்.

குளிர்காலம் முழுக்க இருவரும் சேர்ந்து ரப்பர் இணைப்பைச் செய்தோம். வசந்தத்தில் அவர் பறந்தார். இருபது மணித்தியாலம் பறந்த பிறகு கியர்பொக்ஸைத் திறந்தோம். எண்ணெய் சுத்தம், வளையத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த ஞாயிறு அவர் வீட்டில் விருந்து. எல்லோரும் அவரைச் சூழ்ந்து நிற்க, அவர் என் தோளில் கைபோட்டு, "என்ன பிழையெண்டு கண்டுபிடிச்சது நானில்லை, இவர். இவர் இல்லாட்டி நான் இண்டைக்கு உயிரோட இல்லை," என்றார். கை தட்டினார்கள். இத்தனை வருடத்தில் முதல்தடவையாக என் மனைவி என்னைப் பெருமையோடு பார்த்தாள்.

நான் எப்போது கண்டுபிடித்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, இன்றுவரை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. விமானத்தைப் பார்த்து வந்த பொறாமை அன்றோடு போய்விட்டது. அந்த மனிதரைப் பார்த்து வரும் பொறாமைதான் இன்னும் போகவில்லை.