வெயிலுக்கு நகர்ந்த மேசை

டிசம்பர் வந்தால் எங்கள் கொல்கத்தா டாக்குரியா அலுவலகத்தில் மேசைகள் நடக்க ஆரம்பித்துவிடும். ஊட்டிக்காரன் பார்த்தால் சிரிக்கிற குளிர்தான். ஆனாலும் எல்லோரும் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, கணினியோடு ஜன்னல் வெயிலுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

நெட்வொர்க் என் பொறுப்பு. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடியே எனக்குத் தலை வெடித்தது. கேபிள்களெல்லாம் போய்ச் சேரும் சுவிட்சுக்கோ ஒரு கஷ்டமும் இல்லை. ஒவ்வொரு கணினிக்கும் மேக் முகவரி என்று ஒரு பிறவி எண் உண்டு. அது எந்த போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் எந்தத் துளையில், பேசுகிறது என்று சுவிட்சே குறித்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் சத்தமில்லையென்றால் மறந்துவிடும். நான்தான் வீம்புக்கு எல்லாவற்றையும் பழைய போர்ட்டுக்கே நிரந்தரமாக எழுதிவைத்தேன். இனி இடம் மாறினால் பதிலெல்லாம் பழைய இடத்துக்குத்தான் போகும். முனகிக்கொண்டே அத்தனை பேரும் நிழலுக்குத் திரும்பினார்கள். எனக்கு ஒரே குஷி.

பொங்கல் விடுப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். ஐந்து மணிக்குள், அலுவலகத்தில் அவரவர் கணினியில் மட்டுமே முடியும். வீட்டில் மனைவி பெட்டியே கட்டிவிட்டாள். நாலு மணிக்கு டீ குடித்துவிட்டு வந்தால் என் மேசை ஜன்னலோரம் நிற்கிறது. கணினியில் ஒன்றும் வரவில்லை. கேபிளை மாற்றினேன், அணைத்துப் போட்டேன், திட்டினேன். மணி நாலே முக்கால்.

"யாரு இதை நகத்தினது?"

"நான்தான்," என்றார் தீதி. இதே ஊர் லேக் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்த தமிழ் அம்மாள், தபால் பிரிவு; எல்லோருக்கும் அக்கா, அதனால் வங்காளியில் தீதி. "ஒரு வாரமா தும்மிட்டே இருக்கியேப்பா. நான் முன்னே ஜன்னலோரம் நகந்திருந்த எடம் சும்மாதானே கெடக்கு, ரோத், அதான் வெயிலு, நல்லா அடிக்குதுன்னு போட்டேன். ஆமா, உன் கம்ப்யூட்டரும் நீ எழுதிவச்ச அந்த லிஸ்ட்ல இருக்கா?"

இருந்தது. முதல் வரியே நான்தான்.

மேசையைத் திரும்ப நகர்த்த நேரமில்லாமல், சுவிட்சுக்குள் நுழைய அவர் கணினியில் போய் உட்கார்ந்தேன். வடக்கு மூலை. இரண்டு நிமிடத்தில் விரல் விறைத்தது. மூன்று வாரமாக அவரை இங்கே உட்கார வைத்தவன் நான். வெட்கமாக இருந்தது. என் வரியை அழித்ததும் ஜன்னலோரம் என் கணினி உயிர்பெற்றது. நாலு ஐம்பத்தாறுக்கு விண்ணப்பம் போனது.

"உன்னுது மட்டும் எடுத்தியா?" என்றார் தீதி.

திரும்பப் போய் அந்தக் குளிர் நாற்காலியில் உட்கார்ந்து, பிரிண்டரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா வரிகளையும் அழித்தேன். பிரிண்டருக்கு ஜலதோஷம் பிடிக்காது.

மறுநாள் காலை ஜன்னலோரத்தில் எல்லோருடைய மேசையும் இருந்தது. என்னுடையதை நானே வடக்கு மூலைக்குத் தள்ளிவைத்திருந்தேன்.