கல்யாணப் பாவுக்கு இடம் தேடியது

1. எங்கள் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள்.
2. பக்கத்து வீட்டுத் தோழியின் அப்பாவுக்குப் பாவு நீட்ட இடமில்லாமல் போயிற்று.
3. அது அவளுடைய முகூர்த்தப் புடவைக்கான பாவு.
4. நான் பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தைச் சொன்னேன்.

தறியில் ஏற்றுவதற்கு முன் பாவின் நெடுக்குப் பட்டு இழைகளைக் காலை நேரத்தில் தெரு நீளத்துக்கு விறைப்பாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து நீவ வேண்டும். அதற்கு நேரான, நிழலான இடம் வேண்டும். மற்றத் தெருக்களில் அவரவர் பாவுக்கே இடம் போதவில்லை. மகளின் கல்யாணப் புடவை தன் தறியில்தான் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். அவளுக்கு அவரைவிட அதிகம்.

"நீ படம் போட்ட பள்ளம்தானேடி, நீயே இடமும் காட்டு" என்றாள். நான் டிப்ளமா முடித்து நகராட்சி வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்தப் பள்ளத்தின் படம் என் மேஜையைத் தாண்டித்தான் போயிருந்தது.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். பாவின் நீளத்துக்கு ஒரு கயிறு கொண்டுவந்தாள். தோட்டத்துக்குள் மெதுவாகவே நடந்தோம். பாசி படிந்த, கூம்பு கூம்பான சமாதிகள். எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்துச் சொன்னேன். ஒருத்தி எங்கள் வயதில் காய்ச்சலில் போனவள். "பாவம், எந்த ஊர்ப் பொண்ணோ" என்று கல்லின் மேலிருந்த சருகைத் தோழி தள்ளிவிட்டாள்.

நடுப்பாதையைப் பார்த்ததும் எனக்குக் கால் நிற்கவில்லை. ஒரு வளைவு கிடையாது, இருபுறமும் புளியமரம். அவள் கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையோடு ஓடினேன். கயிறு தீர்ந்தது, பாதை தீரவில்லை.

"பத்துதுடி!" என்று கத்தினேன்.

காவல்காரர் வந்துவிட்டார். "இன்னாமா, கயிறு புடிச்சிக்கினு குதிக்கிறீங்க?"

சொன்னோம். விழுந்து விழுந்து சிரித்தார். "கண்ணாலப் பொடவைக்கா? இங்க பாவு நீட்னா மாப்ள ஓடிப்பூடுவாரும்மா!"

நீளம், நிழல், நேர் என்று எல்லாம் யோசித்த எனக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

"அப்பா ஒத்துக்கவே மாட்டாரு" என்றாள். முகம் வாடிவிட்டது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இடிந்த சுவரோரம் போனவள் அப்படியே நின்றாள்.

"அடியே, இங்க வாயேன்!"

சுவருக்கு வெளியே, பாதைக்கு இணையாக, ஒரு வண்டிப்பாட்டை. புளியங்கிளைகள் அதன்மேலும் கவிந்திருந்தன.

"காலையில வெயிலு?" என்று கேட்டாள்.

"மரம் கிழக்கால இருக்குது. நிழல் இந்தப் பக்கம்தான் விழும்."

சுவரேறிக் குதித்தோம், கல்யாணப் பெண்ணும்தான். கயிற்றின் நீளத்துக்கு அங்கேயும் இடம் இருந்தது.

மாலையே அவள் அப்பா வந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார், பாட்டையைப் பார்த்தார், எங்கள் பாவாடையில் ஒட்டியிருந்த பாசியையும் பார்த்தார். "இந்தப் பக்கம் ஊருதானேம்மா" என்றார்.

இதை எழுதும்போது பாவு தறியில் ஏறி, நெசவும் நடக்கிறது. அரக்கு உடல், பச்சைக் கரை. முந்தி மட்டும் பாக்கி, முகூர்த்தத்துக்குள் முடிந்துவிடும். தெருப் பள்ளத்தை இன்னும் மூடவில்லை.