ராயபுரம் படுக்கையறைச் சுவரை நான் துடைத்த கதை

நிலக்கரிச் சாம்பல் நாக்கில் பட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? வள்ளூர்க்காரர்களைக் கேளுங்கள்... காலையில் காபி டம்ளரை எடுத்தால் முதலில் விளிம்பைத் துடைப்போம். நாற்காலியையும் துடைத்துவிட்டுத்தான் உட்காருவோம். பவர் ஸ்டேஷன் பக்கத்தில் துணியும் கையுமாக வளர்ந்தவள் நான்.

அந்தக் கையோடுதான் ராயபுரத்துக்கு வேலைக்குப் போனேன்.

கப்பல் ஏஜென்ட் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு. அதை மியூசியமாக்குவதற்காக, மாடிப் படுக்கையறைகளை அந்தக் காலத்தில் இருந்தபடியே திரும்ப அமைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு டிரெய்னி வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வார்களாம். அம்மாவோ, மகளுக்கு மாசச் சம்பள வேலை என்று தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள்.

பெரிய படுக்கையறையைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. நிலக்கரி இறக்கிய ஹார்பர் பக்கத்து வீடு அல்லவா... சுண்ணாம்புச் சுவர் முழுக்கக் கரித்தூள். நடுநடுவே வெளுத்த கட்டங்கள். இப்படிக் கலீஜாக விட்டு வைத்திருக்கிறார்களே என்று, யாரும் சொல்லாமலே பக்கெட் தண்ணீரும் துணியுமாக மளமளவென்று துடைத்துவிட்டேன். நல்ல பெயர் வாங்கலாம் என்ற நினைப்பு வேறு!

கட்டில்களைச் சரிசெய்யும் தச்சர் தேவராஜ் அண்ணன் உள்ளே வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா அமுதா, இன்னா வேல பண்ணிகீற? அந்த வெள்ள கட்டந்தாம்மா கட்டிலோட தலமாடு இருந்த எடம்!"

அப்போதுதான் உறைத்தது. மரச்சாமான் மறைத்த இடத்தில் கரி படியாது. அந்த அறையின் சாமான்கள் எல்லாம் கீழே குடோனில் கிடந்தன. எது எங்கே இருந்தது என்று காட்ட ஒரு போட்டோ கிடையாது. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஞாபகமும் இல்லை. சுவர்தான் ஒரே சாட்சி. அளவெடுப்பதற்கு முன்பே அதை நான் அழித்துவிட்டேன்.

"அண்ணே... மேடத்துகிட்ட எப்டிண்ணே சொல்றது?"

"நீயே போய் சொல்லிடு. மறைச்சேன்னு வையி, அப்பால பேஜாராயிடும்."

நான் போய்ச் சொன்னதும் பொறுப்பாளர் நிர்மலா மேடம் வந்து பார்த்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "தரையில தண்ணி நிக்குது. அதையாவது துடை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அழுதுகொண்டே அந்தச் சிவப்புத் தரையைத் துடைத்தேன்... பல வருட அழுக்கு விலக விலக, வெளிறிய வட்டம் ஒன்று தெரிந்தது. கிண்ணத்தின் அடி அளவுதான் இருக்கும். தள்ளி இன்னொன்று. மூன்று. நான்கு!

"அண்ணே, இங்க வாங்களேன்!"

தேவராஜ் அண்ணன் குந்திப் பார்த்தார். "அட... எறும்பு ஏறக் கூடாதுன்னு கட்டில் காலுக்கு அடியில தண்ணி கிண்ணம் வெச்சிகீறாங்கம்மா. வருசக்கணக்கா அங்கியே இருந்து தரை வெளுத்துப் போய்கீது பாரு."

டேப் பிடித்து அளந்தோம். குடோனில் இருந்த பெரிய கட்டிலுக்கு அப்படியே பொருந்தியது. மேடமும் புடவையைச் செருகிக்கொண்டு, மண்டி போட்டுத் துடைக்க ஆரம்பித்தார். பக்கத்திலேயே இன்னும் நான்கு வட்டங்கள்... சின்னதாக, நெருக்கமாக.

குழந்தைக் கட்டில்! குடோனில் கிடந்த அதை வேறு அறையில் போடுவதாகத் திட்டம். ஆனால் அது பெரிய கட்டிலிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்திருக்கிறது. சுவரை ஒட்டி இல்லாததால் சுவர் அதைக் காட்டியிருக்கவே முடியாது. எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

வேலை நிலைத்தது. அந்த அறையும் அப்படியே அமைந்தது.

இப்போது நானே இரண்டு பழைய வீடுகளுக்குப் பொறுப்பாளர். கதவைத் திறந்ததும் கேமராவும் ஸ்கேனரும்தான் முதலில் உள்ளே போகின்றன. இருந்தாலும் தப்பு நடக்கத்தான் செய்கிறது. போன வாரம்கூட எங்கள் டீமில் ஒருவர் பழைய கொசுவலைச் சட்டத்தை உடைத்துவிட்டு, முகம் வெளிறி வந்து நின்றார்.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தபோது மேடம் அன்று எழுதிய இரண்டு வரிகள் ஞாபகம் வந்தன.

"சுத்தம் செய்தபோது சுவர்த் தடயம் அழிந்தது." யாரால் என்று இல்லை.

அடுத்த வரி: "தரைத் தடயத்தைக் கண்டுபிடித்தவர்: வ. அமுதா."

நானும் 'சட்டம் உடைந்தது' என்று மட்டும் எழுதினேன்.