சந்திரகாந்தாவின் கண்

சந்திரகாந்தாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அவள் கண்ணிலிருந்துதான் தொடங்கவேண்டும். பெருமுக்கல் பக்கத்து நயினார் தெருவில், அவள் பார்வைக்குப் பயந்து புதுப்புடவையை அக்குளில் மறைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவளுக்கோ உலகத்தில் பார்க்க ஒன்றுதான் இருந்தது: கொழுந்தன் பெண்டாட்டி ஜினமதியின் ஜெர்சி மாடு. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் இவளுடைய வற்றிய நாட்டுப்பசு, அந்தப் பக்கம் அது. விடியலில் செம்பில் பால் விழும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். போர்வையால் காதை மூடினாலும் உள்ளே கேட்கும்.

எண்பத்தாறாம் வருஷம் திண்டிவனம் மாட்டு டாக்டர் கோமாரி நோய் வராமலிருக்க ஊசி போட வந்தார். ஊசி போட்டால் மாடு சினை பிடிக்காது என்று யாரோ சொல்ல, சந்திரகாந்தா தன் பசுவைக் கொல்லைக்கு ஓட்டிவிட்டாள். ஜினமதிதான் முதல் ஆள். ஊசி இறங்கும்போது சந்திரகாந்தா வேலியோரம் நின்று சொன்னாள்: "ஊசி போட்ட மாட்டுக்கு வராதாமே. பாக்கத்தானே போறேன்."

பங்குனியில் கோமாரி வந்தது. ஜெர்சிக்கு நாக்கெல்லாம் கொப்புளம், குளம்பிடுக்கில் புண், எச்சில் நூல்நூலாகத் தொங்கியது. மடி வற்றிப்போயிற்று. ஊசி போடாத நாட்டுப்பசுவோ லேசாக நொண்டித் தேறிவிட்டது. தெரு முழுக்கச் சந்திரகாந்தாவைத் திரும்பிப் பார்த்தது.

ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தாள். தான் மிதித்து வந்த இடத்தில் ஜினமதி குனிந்து மண் அள்ளிக்கொண்டிருந்தாள். காலடி மண், உப்பு, மிளகாய் எல்லாம் மாட்டைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடி வரவில்லை, ஒருத்தரும் இருமவில்லை. கண்ணேதான் என்று முடிவாயிற்று. சந்திரகாந்தாவும் அதை நம்பினாள். மாடு செத்தால் கொன்றவள் அவள். எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற சமண வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பொழுது சாயுமுன் உண்ணும் சோற்றைத் தன் பசுவுக்கு வைத்துவிட்டாள்.

டாக்டர் மறுபடி வந்தபோது நேரே போய்க் கேட்டுவிட்டாள். "என் கண்ணு பட்டுத்தான் இப்படியாங்க?"

அவர் மாட்டின் வாயைக் கழுவிக்கொண்டிருந்தார். "அனந்தபுரம் பக்கம் ஊசி போட்ட மாடுங்க எத்தனையோ படுத்துக்கினு இருக்குது. அங்கயும் போய்ப் பார்த்துட்டு வந்தீங்களாம்மா?"

ஊசி போட்டால் உடம்பு அந்தக் கிருமியின் ஜாடையைப் படித்து வைத்துக்கொள்ளும், மறுபடி வந்தால் அடையாளம் கண்டு அடிக்கும் என்றார். இப்போது வந்தது ஜாடை மாறின கிருமி. அதே கோமாரிதான், ஆனால் பழைய ஊசி படித்த முகம் இல்லை. நாக்குத் தோலைப் பரிசோதனைக்கு அனுப்பி, என்ன வகையென்று தெரிந்து, அதற்கேற்ற ஊசி வரவேண்டும். நாட்டு மாடு பொதுவாகக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். மிளகாய் ஏன் நெடி விடவில்லை என்று ஜினமதி விடாமல் கேட்டாள். பழைய மிளகாயாக இருக்கும் என்றார்.

மாடு பிழைத்தது. புது ஊசி வந்த அன்று சந்திரகாந்தா தன் பசுவோடு ஜினமதிக்கு முந்தி நின்றாள். அப்புறம் ஒருநாள் ஜினமதி ஒரு சொம்புப் பாலோடு வந்தாள். "மனசுல வெச்சுக்காதீங்கக்கா."

சந்திரகாந்தா ஒரு வாய் குடித்தாள். நோயில் விழுந்து எழுந்த மாட்டுக்கு இவ்வளவு கெட்டிப் பாலா?

"தண்ணியா இருக்குதேடி," என்றாள்.

ஜினமதி போனதும் சுவரோரம் போய் எட்டி, ஜெர்சியைக் கொம்பிலிருந்து குளம்பு வரை நிதானமாகப் பார்த்தாள். இத்தனை நாள் ஓரக்கண்ணால் பார்த்தது. கண்ணால் ஒன்றும் ஆகாதென்று டாக்டரே சொல்லிவிட்டார். இனி தாராளமாகப் பார்க்கலாம்.