கைப்பையில் இருந்த சிவப்பு அட்டை

செல்விக்குப் பன்னிரண்டு வயது. ஆட்டிசத்தோடு கற்றல் குறைபாடும் உண்டு. கடலூரில் சிறப்புப் பள்ளி ஆசிரியையான நான், ஆறு மாதம் அவளுக்கு ஒரே பாடம் நடத்தினேன்: சிவப்பு அட்டையைக் காட்டி "நில்லு" என்றால் நிற்க வேண்டும். வகுப்பில் ஒருமுறைகூடத் தவறமாட்டாள். "இனிமே ரோட்டுல பயமே இல்லம்மா" என்று அவள் அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவளை முதுநகர் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சிதம்பரம் போகும் ரயிலின் ஹார்ன் கேட்டதுமே செல்வி என் கையை உதறிவிட்டுக் கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். அவளுக்கு ரயில் என்றால் உயிர்.

"நில்லு செல்வி, நில்லு!"

அவள் திரும்பவே இல்லை. நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கைப்பைக்குள் அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அருகில் நின்ற மீன்காரம்மாதான் கூடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து போய் அவளை இழுத்து வந்தார். ரயில் தடதடவென்று கடந்தது. மீனெல்லாம் மண்ணில் கிடந்தது.

"புள்ளயப் புடிக்காம பையில இன்னாம்மா தேடிக்கினு நின்ன?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

மறுநாளிலிருந்து பாடம் அந்தக் கேட்டருகேதான். கேட்டுக்கு முன்னால் நான் போட்ட கோட்டுக்கு இப்பால் நின்றால் ரயில் பார்க்கலாம், அதுதான் பரிசு. அட்டை இல்லாமல் நிற்கச் செல்வி பழகிவிட்டாள்.

அட்டை இல்லாமல் ஓட நான் பழகிவிட்டேனா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.